ஒரே குடும்பம், மூன்று மண், நான்கு கரி

குமரி மாவட்டத்தில் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மண் மூன்று முறை மாறிவிடும். குலசேகரத்தைச் சுற்றி மலையடிவாரத்து அமிலச் செம்மண். தோவாளைப் பக்கம் ஏலாக்களில் தண்ணீர் கட்டி நிற்கும் வயல்மண். ராஜாக்கமங்கலத்தை நெருங்கினால் உள்ளங்கையில் தங்காத கடற்கரை மணல். இந்த மூன்றிலும் நிலம் உள்ள ஒரு குடும்பம் தன் தோட்டக் கழிவை உயிர்க்கரியாக்கி, அதாவது குறைந்த காற்றில் சுட்டுக் கரியாக்கி, மண்ணில் போட்டுப் பார்த்தது. ஓரிடத்தில் நாற்று கருகியது. ஓரிடத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஓரிடத்தில் நினைத்ததைவிட நன்றாக வந்தது. போட்ட அளவு ஏறக்குறைய ஒன்றுதான். எதை எரித்துக் கரியாக்கினார்கள், அது எந்த மண்ணுக்குப் போனது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

உயிர்க்கரி என்றதும் "ஏக்கருக்கு எத்தனை டன் போடணும்?" என்ற கேள்விதான் விவசாயக் கூட்டங்களில் முதலில் வருகிறது. எந்தச் செடியின் கரி என்று யாரும் கேட்பதில்லை. விற்கிறவர்களும் சாக்கில் எழுதுவதில்லை. இந்தக் குடும்பத்தின் கதையை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நிலமும் கழிவும்

அண்ணனுக்குக் குலசேகரம் அருகே விளை, அதாவது தோட்ட நிலம். மேட்டில் ரப்பர், சரிவில் செந்துளுவன், மட்டி வாழைகள், ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி). தங்கையைக் கட்டிக்கொடுத்தது ராஜாக்கமங்கலம் பக்கம். அங்கே தென்னந்தோப்பு, நடுவில் வீட்டுத் தேவைக்குக் காய்கறிப் பாத்தி. தோவாளை வட்டத்தில் அப்பா காலத்து வயல் இன்னும் பாகம் பிரிக்காமல் பொதுவில் கிடக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் நெல்தான்.

கழிவுக்குப் பஞ்சமில்லை. பால் வற்றிய ரப்பரை வெட்டி மாற்றியபோது மிஞ்சிய கிளைகள், தோப்பில் மலையாகக் கிடந்த கதம்பல் (தேங்காயின் நார்த்தோடு), கொப்பரைக்கு உடைத்த சிரட்டை (கொட்டாங்குச்சி), அரவை ஆலையில் இருந்து உமி. முதல் மூன்றையும் 200 லிட்டர் இரும்பு டிரம்மில் போட்டுக் கரியாக்கினார்கள். அடியில் துளை, மேலே மூடி, மூடியில் புகைக்குழாய், அவ்வளவுதான் அடுப்பு. உமியை டிரம்மில் போட்டால் நெருங்கிப் படிந்து காற்று போகாது. அதனால் துளையிட்ட தகரக் குழாயை நடுவில் நட்டு, உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்தார்கள். ஜப்பானிய நெல் விவசாயிகள் 'குந்தான்' என்ற பெயரில் காலங்காலமாகச் செய்துவரும் முறை இதேதான்.

முதல் சுற்றில் பங்கீடு இப்படி நடந்தது. வாழை விளையின் புளிப்பை (அமிலத்தன்மையை) மாற்றலாம் என்று உமிக்கரி அங்கே போனது. கதம்பல் கரியும் சிரட்டைக் கரியும் அருகில் இருந்ததால் கடற்கரைப் பாத்திகளுக்குப் போயின. ரப்பர் கரி மிச்சமாகச் சாக்கில் கிடந்தது. அதில் கொஞ்சத்தை மட்டும் தங்கை வாங்கிப்போய்ச் சாணிக் கரைசலில் ஊறவைத்து, கடைசிப் பாத்தி ஒன்றில் கலந்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் கரி போடாத வரிசை ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது. விளைச்சலை யாரும் எடைபோடவில்லை, ஆகவே இங்கே விளைச்சல் கணக்கு வராது. மண்ணிலும் இலையிலும் தெரிந்தது மட்டும்தான்.

உமி: சாம்பல் நிறைய, காரம் குறைவு

வாழை விளையில் உமிக்கரி போட்ட குழிக்கும் போடாத குழிக்கும், புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். தாளில் வித்தியாசம் காணவில்லை. அண்ணனுக்குப் பெரிய ஏமாற்றம். "சார், இது பாதிக்குப் பாதி சாம்பலாக்கும். சாம்பல் போட்டா புளிப்பு மாறும்னுதானே எல்லாரும் சொல்லுதாவ?" என்றார் என்னிடம்.

பாதிக்குப் பாதி என்று அவர் சொன்னது சரிதான். நெற்பயிர் மண்ணில் இருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் உமியிலும் படிய வைக்கிறது. காய்ந்த உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் 90 சதவீதம் அளவுக்குச் சிலிக்கா. 100 கிலோ உமியைக் கரியாக்கினால் 40 கிலோவை ஒட்டிக் கரி கிடைக்கும். ஆவியாகிப் போவது கரிமப் பொருள்தான், சாம்பல் அப்படியே தங்கும். ஆக அந்த 40 கிலோவில் 20 கிலோவுக்குப் பக்கம் சாம்பல். சர்வதேச உயிர்க்கரி அமைப்பு தன் தரநிலையில் கரிமம் 60 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளதை முதல் வகுப்பு என்றும், 30 முதல் 60 வரை உள்ளதை இரண்டாம் வகுப்பு என்றும் பிரித்தது. உமிக்கரி பெரும்பாலும் இரண்டாவதில்தான் நிற்கும்.

சாம்பல் இவ்வளவு இருந்தும் புளிப்பு ஏன் மாறவில்லை? அமிலத்தை ஈடுகட்டுவது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கார்பனேட்டும் ஆக்சைடும். சிலிக்காவுக்கு அந்த வேலை தெரியாது. உமிக்கரியைத் தண்ணீரில் கலக்கி அளந்தால் மானி 8, 9 என்று காரம் காட்டத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். அந்த எண், கரைசல் அந்த நொடியில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு கிலோ கரி எவ்வளவு அமிலத்தைச் சமாளிக்கும் என்பது வேறு கணக்கு. அமிலச் செம்மண்ணில் களியோடு (களிமண் துகளோடு) ஒட்டிய அலுமினியம் ஒரு பெரிய அமிலச் சேமிப்பு. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரைந்து வேர்நுனியைத் தாக்கும். அந்தச் சேமிப்புக்கு முன்னால் உமிக்கரியில் உள்ள கொஞ்சூண்டு காரம் எம்மாத்திரம்.

அதே உமிக்கரி வயலுக்குப் போனபோது கதை மாறியது. அமில மண்ணில் தண்ணீர் கட்டினால் சில வாரங்களில் பி.எச். தானாகவே ஏறி நடுநிலையை நெருங்கும். ஆக்சிஜன் இல்லாத மண்ணில் இரும்புச் சேர்மங்கள் ஒடுக்கம் அடையும்போது அமிலம் செலவாவதுதான் காரணம். வயலில் சுண்ணாம்பு வேலைக்குத் தேவையே இல்லை. நெல்லுக்கு வேண்டியது சிலிக்கா. ஹெக்டேருக்கு 5 டன் நெல் எடுக்கும் பயிர், வைக்கோலோடு சேர்த்து 200 கிலோவுக்கு மேல் சிலிக்கானை மண்ணில் இருந்து எடுத்துக்கொண்டு போகிறது. தண்டு விறைப்பாக நிற்பதும், குலை நோயை ஓரளவு தாங்குவதும் அந்தச் சத்தால்தான். கும்பப்பூ நாற்றங்காலில் உமிக்கரி தூவிய பகுதியில் நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறாமல் வந்தது என்று நடவுக்கு வந்த பெண்கள்தான் முதலில் சொன்னார்கள். மண் பொலபொலத்திருந்ததன் பலன் அது. சிலிக்காவின் பலனை நாற்றங்காலிலேயே பார்த்துவிட முடியாது.

ஆலைக் கொதிகலனில் இருந்து வரும் வெள்ளைச் சாம்பலையும் கருப்பு உமிக்கரியையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. வெப்பம் 700, 800 டிகிரியைத் தாண்டும்போது சிலிக்கா படிக வடிவத்துக்கு மாறத் தொடங்கும். மாறியது எளிதில் கரையாது, பயிருக்குக் கிடைக்காது. அந்தத் தூள் நுரையீரலுக்கும் கேடு. கருப்பாகவே தண்ணீர் தெளித்து அணைத்த உமிக்கரிதான் வயலுக்கு. அதை அள்ளும்போதும் மூக்கில் துணி கட்டியிருக்க வேண்டும்.

கதம்பல்: கரியில் வந்த உப்பு

கடற்கரைப் பாத்தியில் தட்டைப்பயறு முளைத்து, இரண்டாவது இலை விரியும்போது நுனி கருகத் தொடங்கியது. கரி போடாத வரிசையில் அப்படி இல்லை. "அண்ணன் டிரம்முல சுட்டுத் தந்த கரியாக்கும் போட்டது. மணல்ல உப்பு ஏறிச்சா, இல்ல கரியிலயா?" என்று தங்கை கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது.

ஒரு பங்கு கரியைப் பத்துப் பங்கு காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரின் மின்கடத்துதிறனை நான்கு கரிக்கும் அளந்தோம்; உப்பு கூடினால் அதுவும் கூடும். கதம்பல் கரி மற்ற மூன்றையும் வெகுதூரம் முந்தியது. தென்னையின் இயல்பு அப்படி. குளோரைடைச் சத்தாகவே கேட்டு வாங்கும் அபூர்வப் பயிர்களில் தென்னை ஒன்று, தென்னைமூட்டில் உப்பு போடும் வழக்கம் வெறும் நம்பிக்கை அல்ல. எடுத்த பொட்டாசியத்திலும் குளோரைடிலும் பெரும்பங்கைக் காயின் கதம்பலில் கொண்டுபோய் வைக்கிறது மரம். டிரம் அடுப்பின் வெப்பத்தில் பொட்டாசியம் குளோரைடு பெரிதாக ஆவியாகாது. கரிமம் குறையக் குறைய உப்பின் பங்கு கரியில் கூடிக்கொண்டே போகும். உப்புநீரில் ஊறப்போட்ட கதம்பலாக இருந்தால் இன்னும் மோசம்: பொட்டாசியம் கரைந்து வெளியேறி, சோடியம் உள்ளே வந்திருக்கும்.

செம்மண்ணாக இருந்தால் களியும் மக்கும் இந்த உப்பின் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கும். கடற்கரை மணலில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிஞ்சு வேரைச் சுற்றி முழு உப்பும் நிற்கிறது. பயறு வகைகள் பெரும்பாலும் உப்பைத் தாங்காதவை.

இதைக் கேட்டதும் தங்கை அந்தக் கரியைக் குழி தோண்டிப் புதைத்துவிடத் தயாரானார். நான் தடுத்தேன். பயறைக் கருக்கிய அதே பொட்டாசியம், வாழைக்குப் பெருந்தீனி. ஒவ்வொரு குலையும் வெட்டப்படும்போது விளையில் இருந்து பொட்டாசியம் வெளியே போகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மிஞ்சியதையும் மழை அடித்துக்கொண்டு போகும். அத்தோடு கதம்பல் கரியில் பொட்டாசியம் கார்பனேட்டும் உண்டு. உமிக்கரியால் முடியாத புளிப்பு வேலையை அது கொஞ்சம் செய்யும். சட்டென்று கரையும் காரம் என்பதால் வேகமாகச் செய்யும், வேகமாகத் தீரவும் தீரும். சுண்ணாம்பு அல்லது டாலமைட்டுக்கு (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லுக்கு) மாற்றாக அதை நினைக்க வேண்டாம்.

அடுத்த சுற்றில் கதம்பல் கரியைத் திறந்த சாக்குகளில் ஒரு மழைக்காலம் நனையவிட்டு, ஒரு பங்கைத் தென்னைமூட்டுக்கும் மீதியை வாழைக்குழிக்கும் கொடுத்தோம். நனையவிட்டதில் பொட்டாசியமும் கொஞ்சம் போயிருக்கும். நாற்றைக் காப்பாற்ற அந்த இழப்பு பரவாயில்லை என்பது என் கணக்கு. அண்ணனுக்கு இதில் இன்னமும் சம்மதமில்லை. சாக்கின் அடியில் வடியும் நீரை வாழைக்கே ஊற்றலாமே என்கிறார். சரியான யோசனை.

சிரட்டை: விற்க வேண்டிய கரி

சிரட்டைக் கரியைப் பற்றி எல்லோருக்கும் உயர்ந்த எண்ணம். கையில் எடுத்தால் கனம், தட்டினால் கணீரென்ற ஓசை, சாம்பல் மிகக் குறைவு. காய்ந்த சிரட்டையில் சாம்பல் 1 சதவீதத்துக்கும் கீழே, செடிக்கு விறைப்புத் தரும் லிக்னின் 30 சதவீதத்தை ஒட்டி. செடியின் உடம்பில் உள்ள மூன்று பெரும்பொருள்களில் ஹெமிசெல்லுலோஸ் 220 முதல் 315 டிகிரிக்குள்ளும், செல்லுலோஸ் 315 முதல் 400 டிகிரிக்குள்ளும் பெரும்பாலும் சிதைந்து வாயுவாகிவிடும். லிக்னின் மட்டும் மெல்ல மெல்ல, 900 டிகிரி வரை இழுத்துக்கொண்டு சிதையும். கரியாகக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் அதன் பங்குதான். லிக்னின் கூடிய மூலப்பொருள் கூடுதலான, உறுதியான கரி தரும் என்ற பொதுவிதிக்குச் சிரட்டையைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் மணல் பாத்திக்கு வேண்டியது தண்ணீர் பிடிப்பு. அங்கே சிரட்டைக் கரி கைவிட்டது. அதன் துளைகளில் பெரும்பங்கு 2 நானோமீட்டருக்கும் சிறியவை. வாயுவையும் நிறத்தையும் நச்சையும் ஈர்த்துப் பிடிக்க இவை சரியானவை. நீர் வடிகட்டிகளில் சிரட்டையில் இருந்து செய்த ஊக்கிய கரியைப் போடுவது இதனால்தான். வேர் உறிஞ்சக்கூடிய தண்ணீரோ மண்ணில் சுமார் 0.2 முதல் 30 மைக்ரோமீட்டர் வரையுள்ள துளைகளில்தான் நிற்கும், அதாவது குறைந்தது நூறு மடங்கு பெரிய துளைகளில். நுண்துளைக்குள் புகுந்த நீரை வேரால் இழுக்க முடியாது. சிரட்டைக் கரிப் பாத்தி, கரி போடாத பாத்தியைப் போலவே காலையில் ஊற்றி மதியத்தில் காய்ந்தது.

சிரட்டைக்கும் சிரட்டைக் கரிக்கும் சந்தையில் நல்ல விலை இருக்கிறது. அதை மண்ணில் போடுவது காசை மண்ணில் போடுவது. விற்று வந்த பணத்தில் டாலமைட் வாங்கச் சொன்னேன். வாங்கினார்கள்.

ரப்பர் தடி: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

யாரும் பெரிதாக நினைக்காத ரப்பர் கரிதான் மணலில் நன்றாக வேலை செய்தது. தடிக்குள் (மரக்கட்டைக்குள்) நீர் ஏறும் குழாய்கள் கரியான பிறகும் வடிவம் குலையாமல் நிற்கின்றன. நறுக்கி வெட்டிய துண்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால் ஊசித்துளை போல அவை தெரியும். பெரிய குழாய்களில் நீர் ஓடும், அவற்றை ஒட்டிய சிறிய அறைகளில் நிற்கும். சாணிக் கரைசலில் ஊறிய கரி போட்ட கத்தரிப் பாத்தி மாலை வரை ஈரம் காத்தது. ஊறவைத்ததும் முக்கியம். புதுக்கரி கரைசலில் உள்ள அமோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறுமையாகப் போட்டால் மண்ணில் உள்ளதைப் பிடித்துக்கொண்டு, முதல் சில வாரம் பயிரைப் பட்டினி போடும்.

ரப்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு, அதை இந்த மாவட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். ரப்பர் தடியைப் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அரிக்கும். அதனால் அறுத்த பலகையை போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்துவார்கள். அப்படிப் பதப்படுத்திய பலகையின் சீவல், துண்டு, தூள் எதையும் மண்கரிக்கு எடுக்கக் கூடாது. போரான் டிரம் அடுப்பில் போய்விடாது, கரியில் சேர்ந்து தங்கும். பயிருக்குப் போரான் கொஞ்சம் வேண்டும், ஆனால் போதாமைக்கும் நச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. அண்ணன் அறுவை ஆலையில் இருந்து கொண்டுவந்த குவியலில் இரண்டு வகையும் கலந்திருந்தன. பட்டை ஒட்டிய புறணித் துண்டு அறுக்கும்போதே கழிவது, பதப்படுத்தலுக்கு முந்தியது. நாலு பக்கமும் சீவிய துண்டு பிந்தியது. பட்டை உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினோம். பசை போட்ட பிளைவுட் துண்டுக்கும் இதே தீர்ப்பு.

ரப்பர் கரியை ரப்பர் விளைக்கே திருப்பிப் போடலாமா என்று கேட்டார்கள். ரப்பரும், இளம் ரப்பருக்கு ஊடுபயிராகப் போடும் அன்னாசியும் அமில மண்ணிலேயே சுகமாக வாழும். அங்கே புளிப்பை மாற்றும் வேலையே இல்லாதபோது, உழைத்துச் செய்த கரியை ஏன் வீணாக்க வேண்டும்?

வாழைத்தண்டைக் கரியாக்கலாமா என்ற கேள்விக்கும் நேரடியாக வேண்டாம் என்றே சொன்னேன். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காயவைக்கும் பாட்டுக்கு அதை வெட்டி மூட்டிலேயே போட்டு மக்கவைத்தால் பொட்டாசியம் சேதாரமில்லாமல் மண்ணுக்குத் திரும்பும்.

தீயின் பங்கு

மூலப்பொருளே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ரப்பர் கிளையில் இருந்து டிரம்மின் ஓரத்தில் பழுப்பான கரியும் நடுவில் கருநீலம் மின்னும் கரியும் வந்தன. 400 டிகிரிக்குக் கீழே நின்ற கரியில் ஆக்சிஜன் உள்ள வேதித்தொகுதிகள் அதிகம், சத்து அயனிகளை ஒட்டவைக்கும் திறன் கூடுதல். ஆனால் தார் மிஞ்சியிருக்கும், தண்ணீரை விரட்டும், விரைவில் சிதையும். 600-ஐத் தொட்டது உறுதியானது, உள்பரப்பு பெரியது, காரம் கூடியது. ஆய்வகம் இல்லாமலும் ஓரளவு பிரித்தறியலாம். கையில் தேய்த்த கரி வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விட வேண்டும். சோப்பு தேவைப்பட்டால் தார் இருக்கிறது, அதை மறுபடி அடுப்புக்கே அனுப்பலாம்.

ஆனால் தீயால் மாற்ற முடியாததும் உண்டு. எந்த வெப்பத்தில் சுட்டாலும் உமியின் சிலிக்கா சுண்ணாம்பாகாது. டிரம் அடுப்பில் எப்படிச் சுட்டாலும் கதம்பலின் உப்பு போகாது. உயிர்க்கரி பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 சதவீத விளைச்சல் உயர்வும், மிதவெப்ப நாடுகளில் ஏறக்குறைய ஒன்றுமின்மையும் கண்டது. அமிலமான, சத்துக் குறைந்த மண்ணுக்குக் கரியின் காரமும் சத்தும் பலன் தருகின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். நம் ஊருக்கு நல்ல செய்திதான். ஆனால் அந்த 25 என்பது சராசரி. அதற்குள் கருகிய பாத்திகளும் சேர்ந்திருக்கின்றன.

இப்போதைய பங்கீடு

சோதனைத் திடல்களில் வழக்கமாகப் போடும் ஹெக்டேருக்கு 10 டன் என்ற அளவை நம் கணக்குக்கு மாற்றினால் சென்ட்டுக்கு 40 கிலோ. அதற்குக் காய்ந்த தடி 150 கிலோவாவது எரிய வேண்டும். விளை முழுக்கப் பரப்புவது இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, யாருக்குமே கட்டுப்படியாகாது என்றுதான் நினைக்கிறேன். அதனால் குழியிலும் பாத்தியிலும் நாற்றங்காலிலும் மட்டும் போடுகிறார்கள். உமிக்கரி நாற்றங்காலுக்கு. மழையில் நனைந்த கதம்பல் கரி, தொழுவுரத்தோடு வாழைக்குழிக்கு இரண்டு கிலோ வீதம், மீதி தென்னைமூட்டுக்கு. ரப்பர் கரி சாணியில் ஊறி மணல் பாத்திக்கு. விளையின் புளிப்புக்கு டாலமைட். சாக்குகளில் எந்தக் கரி என்று மையில் எழுதி வைக்கிறார்கள்.

தென்னை மட்டை இன்னும் பாக்கி. தோப்பில் அதிகம் விழுவது அதுதான். கதம்பல் மாதிரி உப்பாக இருக்குமா, தடி மாதிரி இருக்குமா என்று தங்கைக்குச் சந்தேகம். போன வாரம் சுட்ட மட்டைக் கரியை மணலில் கலந்து, கரி கலக்காத மணல் தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தட்டைப்பயறு ஊன்றியிருக்கிறார். இரண்டாவது இலை கருகினால் அது தென்னைமூட்டுக்கு, கருகாவிட்டால் கத்தரிக்கு.